நிற்காத இன்ஜின்

மகளின் ஞானஸ்நானத்துக்கு வத்தலக்குண்டு மாமியார் வீட்டு வாசலில் சொந்தக் காரில்தான் போய் இறங்குவது என்று மனுவேல் சபதம் எடுத்திருந்தார். பதினெட்டு வயதுக் காருக்கு அப்படி எந்தச் சபதமும் இல்லை.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறும். வண்டி மட்டும் யோசிக்கும். பயணத்துக்கு முந்தின நாள், மலைமேல் அட்டுவம்பட்டி ஏற்றத்தில் முட்டைக்கோசு மூட்டை சுமந்த மட்டக்குதிரை ஒன்று முந்திப் போனது. போகும்போது திரும்பிப் பார்த்தது.

"என்னங்க, கருகுன வாடை வருது."

"எவனோ டயர எரிக்கிறான்."

"நம்ம கூடவே வந்தா எரிக்கிறான்? கிளச் வழுக்குதுங்க."

"கிளச்சா? வளைவுன்னாலும் நேர்ரோடுன்னாலும் என் இடது காலு அதவிட்டு எறங்குனதே இல்ல புள்ள. அம்புட்டுக் கவனம்!"

லீமா கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டாள். இந்தக் காரில் மலை இறங்குவதை நினைத்து அவளுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. பயம் என்று சொன்னால் புருஷன் சிரிப்பார். கான்வென்ட் வேனை ஓட்டிய சிஸ்டர் கற்றுக்கொடுத்த சோதனை ஒன்று அவளுக்கு நினைவிருந்தது.

"சரிங்க. ஹேண்ட்பிரேக்க இழுத்து, சக்கரத்துக்குக் கல்லு வச்சு, டாப் கியர்ல போட்டு, மெதுவா கிளச்ச விடுங்க. இன்ஜின் நிக்குதா ஓடுதான்னு பாப்போம்."

"நின்னா நோஞ்சான். ஓடுனா சிங்கம்!"

"அத மெக்கானிக் சொல்லட்டுங்க."

"தாராளமா! அவன் சொன்னபடி கேக்குறேன். இது மாதா மேல சத்தியம்."

வண்டி ஒருவழியாக வீடு வந்து சேர்ந்ததும் எதிர்வீட்டு மெக்கானிக் அலாவுதீன் வந்தார். மனுவேல் கல் வைத்தார், பிரேக்கை இழுத்தார், கிளச்சை விட்டார். இன்ஜின் நிற்கவில்லை. கம்பீரமாக உறுமிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, தெருவே கேட்கக் கத்தினார்.

"பாத்தியா லீமா! நிக்கல! நிக்கவே இல்ல!"

அலாவுதீன் தலையைச் சொறிந்தார். "அண்ணே, நல்ல கிளச்சா இருந்தா இன்ஜின் பொசுக்குன்னு நின்னுருக்கும். இது பிடிக்கவே இல்ல. காலத் தூக்காம மிதிச்சு மிதிச்சுத் தேச்சுப்புட்டீங்க. இதுல பச்சப்புள்ளய ஏத்தாதீங்க."

"பஸ்ஸு வெள்ளனே ஆறு மணிக்குங்க," என்றாள் லீமா, மிகப் பணிவாக.

மறுநாள் பஸ்ஸில் முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் மனுவேலின் இடது கால் தானாகவே தரையை அழுத்தியது. தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி லீமா காதோரம் சொன்னாள்:

"காலத் தூக்குங்க. பஸ்ஸுக்காவது கிளச் இருக்கட்டும்."