முழுப் பொறுப்பும் மூப்பருக்கே

போதகர் பாக்கியநாதர் அந்த வாரத்து அறிவிப்புகளை மூன்றே நிமிடத்தில் வாசித்து முடித்தார். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூப்பர் சின்னராஜுக்கு உச்சி வரைக்கும் சூடேறியது. மூன்று நிமிடமாம். மனுஷன் என்ன, பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பேர் கூவுகிறாரா?

ஓசூர் பிரஸ்பிட்டீரியன் கோயிலில் பத்தொன்பது வருஷமாக அறிவிப்பு வாசித்தவர் சின்னராஜ். முதலில் தமிழ், அப்புறம் ஜவளகிரிப் பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்களுக்காகக் கன்னடம், அதற்கப்புறம் தெலுங்கு. இன்னாருக்கு உடம்பு சரியில்லை, ஜெபியுங்கள் என்று தாளில் இருந்தால் அதோடு விட மாட்டார். என்ன கோளாறு, எத்தனை நாளாக, என்ன மருந்து என்பதெல்லாம் சேர்ந்து வரும். மாட்டுப் பண்ணையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மருந்து சொல்ல அவருக்குத் தயக்கமே கிடையாது. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் மனுஷர் வாரம் பூராவும் காத்திருப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து வந்த இந்தப் பாக்கியநாதர், மூன்றாவது ஞாயிறே அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நேரமாகிறது, நானே வாசித்துவிடுகிறேன் என்று சபை முன்னாலேயே சொன்னார். அன்றைக்குப் பற்றிய எரிச்சல் இன்றைக்கு வரை அணையவில்லை.

இப்போது அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றுவதுபோல ஒரு கடைசி அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. காலையில் ஆராதனை, மத்தியானம் ஐக்கிய விருந்து, சாயங்காலம் ஊரிலுள்ள எல்லா மதத்தாரும் கலந்துகொள்ளும் சர்வசமயக் கூட்டம். சேலத்திலிருந்து சபைச் சங்கத் தலைவர் நேரில் வருகிறார்.

"முழுப் பொறுப்பும் நம்ம மூப்பர் சின்னராஜுடையது" என்று சொல்லிவிட்டு, போதகர் ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கிவிட்டார்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த சின்னராஜ் செருப்பை வாசலில் உதறிய உதறலில் ஒன்று பக்கத்து வீட்டுக் கோழியின் மேல் போய் விழுந்தது.

"வாசிக்க நான் வேணாம். வேலைக்கு மட்டும் நான் வேணுமா?" என்றார் மனைவி சம்பங்கியிடம்.

"முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானங்க."

"சொல்ல மாட்டன். செய்யறன். எப்பிடிச் செய்யறன்னு மட்டும் பாரு."

செய்யப் போவது என்னவென்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவளுக்கு விளக்கினார். கூட்டம் குட்டிச்சுவராக வேண்டும். சேலத்துத் தலைவர் கண்ணெதிரே சந்தி சிரிக்க வேண்டும். தலைவர் கொதித்துப்போய்ப் போதகரை வேறு ஊருக்குத் தூக்கி அடிப்பார். அடுத்த போதகர் வருகிற வரைக்கும் அறிவிப்புத் தாள் மூப்பர் கைக்குத் திரும்பி வரும். வந்தால் பிறகு அதை யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. சம்பங்கி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்றாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. மாகாணங்களை மொழிவாரியாகப் பிரிக்கிறார்கள், ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைகளில் கைகலப்பு நடந்த வருஷம் அது. ஊரைச் சேர்த்து உட்கார வைப்பதே ஆபத்து. அதிலும் சின்னராஜ் தேர்ந்தெடுத்த ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் பெருமாள் கோயில் தர்மகர்த்தா திம்மப்பன். மற்றவர் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி மகபூப் சாயபு. இரண்டு பேர் நிலத்துக்கும் நடு வரப்பில் ஒரு புளியமரம். அது யாருடையது என்று கிருஷ்ணகிரி கோர்ட்டில் பதினோரு வருஷமாக வழக்கு. ஒருவர் வருகிற கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை.

சின்னராஜ் திம்மப்பனிடம் போய், கூட்டத்துக்குத் தலைமை சாயபுதான் என்றார். சாயபுவிடம் போய், தலைமை திம்மப்பன் என்றார். இரண்டு பேரும் வரமாட்டார்கள், மேடை காலியாகக் கிடக்கும் என்பது அவர் கணக்கு.

திம்மப்பன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"அந்தாளு தலைமை தாங்கறப்ப நான் ஊட்ல குந்திகினு இருந்தா, பயந்துட்டன்னு ஊரு பேசாதா? வர்றன் கம்பவுண்டரே. நாலு வண்டி ஜனத்தோட வர்றன்."

நாலு வண்டி என்கிற சேதி அன்று மாலைக்குள் சாயபு காதுக்குப் போனது. அவர் ஆறு வண்டி என்று சொல்லி அனுப்பினார்.

சின்னராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு போதகரிடம் விவரம் சொன்னார். திம்மப்பனும் சாயபும் ஒரே மேடையில் என்றதும் போதகர் முகம் மலர்ந்தது. ரொம்ப நல்ல யோசனை, அப்படியே செய்யுங்கள் என்றார். பத்து வண்டி ஜனம் வருகிறது என்று சொன்னபோது அந்த மலர்ச்சி எங்கோ போய்விட்டது.

"நிச்சயமா வர்றாங்களா மூப்பரே?"

மூப்பருக்குக் கூட்டம் சேருகிறது என்றால் இவருக்குப் பொறாமை, வேறென்ன என்று நினைத்து சின்னராஜ் இன்னும் கொதித்தார்.

அடுத்து விருந்தில் கை வைத்தார். அறுப்பின் பண்டிகை என்றால் ஆட்டுக்கறிச் சோறு. வருஷம் முழுக்கச் சபை அந்தக் கறிக்காகக் காத்திருக்கும். இந்த வருஷம் ராகிக் களியும் கொள்ளுக் குழம்பும்தான் என்று அறிவித்தார். சபையே முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடும், தலைவர் காலி இலைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும் என்பது எண்ணம்.

"பண்டிகைக்குக் களியா? உங்கள அடிக்க வருவாங்க" என்றாள் சம்பங்கி.

"வரட்டும். அந்தப் போதகரத்தான அடிப்பாங்க, எனக்கென்ன?"

போதகரோ, களி என்றதும் கொஞ்சமும் யோசிக்காமல் தாராளமாகப் போடுங்கள் என்றார். இப்படி எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷனைப் பார்த்தாலே சின்னராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்த்து இரண்டு வார்த்தை பேசினாலாவது சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம்.

நடந்தது வேறு. கறி சமைக்கிற இடத்தில் தண்ணீர்கூடத் தொட மாட்டோம் என்று இருந்த திம்மப்பனின் ஆட்கள், களி என்று கேள்விப்பட்டதும் கிண்டுவதற்குத் தாங்களே வருவதாகச் சொன்னார்கள். யார் அறுத்த கறியோ என்று தயங்கிய சாயபு வீட்டுக்காரர்களுக்கும் அந்தத் தயக்கம் போயிற்று. திம்மப்பன் இரண்டு மூட்டை ராகி அனுப்பினார். சாயபு மூன்று மூட்டை அனுப்பி, கொள்ளும் தன்னுடையதுதான் என்றார். கறி போன கோபத்தில் இருந்த சபையார், இத்தனை பேர் வருகிற இடத்தில் வீட்டுக்காரர்கள் இல்லாமல் இருந்தால் அசிங்கம் என்று ஒருவர் விடாமல் வந்து சேர்ந்தார்கள். நாட்றாம்பாளையத்திலிருந்துகூட ஒரு கூட்டம் முதல் நாளே நடந்து வந்துவிட்டது.

பண்டிகையன்று மத்தியானம் எல்லா மதமும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து களி உருண்டையை விழுங்கிக்கொண்டிருந்தன. சேலத்துத் தலைவர் மூன்றாவது உருண்டை கேட்டு வாங்கினார். சின்னராஜ் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

சாயங்காலக் கூட்டமும் அப்படியே ஓடியது. வேத வாசிப்பு, குர்ஆன் வசனம், ஒரு பாசுரம். தலைமை யாருக்கு என்று திம்மப்பனும் சாயபும் முறைத்துக்கொண்டபோது, தலைவர் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தை முடித்துவிட்டார். கடைசியில் இரண்டு வார்த்தை பேசும்படி மூப்பரை அழைத்தார்.

சின்னராஜ் மேடையில் ஏறினார். எதிரே ஐந்நூறு தலை. மேடையில் திம்மப்பனும் சாயபும் வயிறு நிறைந்த களைப்பில் சாந்தமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதத்துக் கோபமும் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"சமாதானம், சமாதானம்னு பேசறமே, இங்க குந்திகினு இருக்கற ரெண்டு பெரிய மனுசங்களும் அந்தப் புளியமரத்துக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போவட்டும்" என்றார்.

சின்னராஜ் அதோடு நிற்கவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம், வாய் தானாக அதையே கன்னடத்தில் சொன்னது, பிறகு தெலுங்கில் சொன்னது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

திம்மப்பன் நாற்காலி பின்னால் சாய எழுந்தார். சாயபும் எழுந்தார். முடிந்தது கூட்டம் என்று சின்னராஜ் உள்ளுக்குள் குளிர்ந்துபோன அந்த நேரத்தில், இரண்டு பேரும் அவர் பக்கமாகத் திரும்பினார்கள்.

"அது எங்க மரம். நாங்க வெட்டுவம், இல்ல உலுக்குவம். நடுவுல பேசறதுக்கு நீ யாருய்யா?" என்றார் திம்மப்பன்.

"திம்மப்பன் சொல்றதுதான் ஞாயம்" என்றார் சாயபு. "எங்க மரத்தப் பத்தி மேடை போட்டுப் பேச உனக்கு என்னா அதிகாரம்?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் தாங்கள் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு முற்றமே சிரித்தது. திம்மப்பன் வெட்கத்தை மறைக்க மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். இந்த வருஷத்துப் புளியைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளலாமே என்று சாயபு முணுமுணுத்தார். அதற்குத் திம்மப்பன் தலையை ஆட்டினார்.

சேலத்துத் தலைவர் தழுதழுத்தார். தன் முப்பது வருஷ ஊழியத்தில் இப்படி ஒரு காரியத்தைக் கண்டதில்லை என்றார். இதைச் செய்து காட்டிய போதகரை இங்கிருந்து அசைப்பது பாவம், இன்னும் ஐந்து வருஷத்துக்குப் பாக்கியநாதர் ஓசூரில்தான் என்று அங்கேயே அறிவித்தார். போதகர் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்று ஜனங்கள் உருகினார்கள்.

ஐந்து வருஷம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, ஞாயிறுக்கு மூன்று நிமிடம். சின்னராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊர் முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம். மூப்பர் பதவியை அவர் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வருகிறேன் என்று நேராகப் போதகர் வீட்டுக்கு நடந்தார்.

போதகர் இன்னும் திரும்பவில்லை. கூடத்தில் அவர் மனைவி ஜோதியம்மாள் மட்டும் இருந்தார். கயிறு கட்டி அடுக்கி வைத்திருந்த சாக்கு மூட்டைகளைப் பிரித்து, உள்ளேயிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தரையில் டங்கென்று வைத்துக்கொண்டிருந்தார்.

"போதகரம்மா, இனிமே நான் மூப்பர் இல்ல. அவருக்கு அஞ்சு வருசத்துக்கு இடம் புடிச்சுக் குடுத்துட்டன். அது போதும்" என்றார் சின்னராஜ்.

ஜோதியம்மாள் கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அழுது அழுது கண் சிவந்திருந்தது. இருந்தும் குரலில் இருந்தது அழுகை இல்லை, சுத்தமான கோபம்.

"பெங்களூருக்கு மாத்தல் கேட்டு எட்டு மாசமா எழுதி எழுதிக் கை ஓஞ்சு, ஒரு கூட்டம் நாறிப்போனா அவங்களே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு, எதைத் தொட்டாலும் கெடுக்கிற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்னு நம்பி அவர் உங்ககிட்ட குடுத்தா, அதைக்கூட உங்களால ஒழுங்காக் கெடுக்க முடியலையே மூப்பரே."