எட்டரை என்றால் எட்டரை

முன்பின் தெரியாத ஒரு பெண் போட்டியிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்று நான் ரங்கநாதரிடம் வேண்டியிருக்கிறேன். ஒருநாள் இல்லை, பதினோரு நாள். அதுவும் நெய் விளக்கு ஏற்றி.

சொன்னால் தப்பாகத்தான் தெரியும். ஆனால் என் நிலைமையையும் கேளுங்கள். என் மகள் மைதிலிக்கு அப்போது பதினேழு வயது. பேட்மிண்டன் ஆடுவாள். வெளிநாட்டுப் பிள்ளைகளெல்லாம் வந்து ஆடும் ஜூனியர் போட்டி ஒன்று, அதிசயமாக நம்ம திருச்சியிலேயே நடக்கப் போகிறது என்றார்கள். அதில் அவள் பெயர் இருந்தது. ஆனால் காத்திருப்போர் பட்டியலில், முதல் பெயராக.

நான் பத்தாவது வரை படித்தவள். அவளுடைய கோச் ஸ்டீபன் சார் மூன்று முறை விளக்கியும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் நானே கோயில் கணக்கில் புரிந்துகொண்டேன். நேராக உள்ளே போகிறவர்கள் மெயின் டிரா. அவர்கள் சிறப்பு தரிசன வரிசை. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே போக வேண்டியவர்கள் இலவச தரிசன வரிசை. என் பெண் அந்த வரிசைக்குள்கூட இல்லை, வாசலில் செருப்புப் போடும் இடத்தில் நிற்கிறாள். சிறப்பு வரிசையில் ஒருவர் கழன்றுகொண்டால் இலவச வரிசையின் முதல் ஆள் அங்கே போவார். இலவச வரிசையில் ஒரு இடம் காலியாகும். மைதிலி உள்ளே வந்துவிடலாம்.

இவ்வளவு புரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சில பிள்ளைகள் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று ஊர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் வசதியானதை வைத்துக்கொண்டு மற்றதில் விலகிவிடுவார்களாம். “இலை போட்டு சோறு வெச்சப்புறம் எழுந்து போற மாதிரி இல்ல இருக்கு? பசியோட வாசல்ல நிக்கிறவன் என்ன பண்ணுவான்?” என்று என் வீட்டுக்காரரிடம் பொரிந்தேன்.

“அவங்க எழுந்து போனாத்தானே நம்ம பொண்ணுக்கு இலை?” என்றார் அவர். அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை. எதையும் அளந்துதான் பேசுவார்.

அது சரியாகப் பட்டது. அன்றிலிருந்துதான் விளக்கு. ஆனால் மனசாட்சி இருக்கிறதே. யாருக்கும் கால் சுளுக்கக் கூடாது, காய்ச்சல் வரக் கூடாது, நல்ல காரியத்துக்காக மட்டும் விலக வேண்டும் என்று பெருமாளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். (அவருக்கு நிபந்தனை போட்ட முதல் ஆள் நானாக இருக்காது என்று ஒரு தைரியம்.)

தகுதிச் சுற்றுக்கு முந்தைய நாள் மாலை அரங்கத்தில் ஒரு கூட்டம். பெற்றோர் பின்னால் உட்காரலாம், பேசக் கூடாது என்று ஸ்டீபன் சார் சொல்லித்தான் கூட்டிப்போனார். தலைமை நடுவர் கோலாலம்பூர்க்காரர். ஆனால் நன்றாகத் தமிழ் பேசினார். மறுநாள் காலை எட்டரைக்குள் எல்லோரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், போடாதவர் இடம் அங்கே வந்திருக்கும் காத்திருப்போருக்குப் போகும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நாக்பூர்லேர்ந்து ஒரு பொண்ணு ரயில்ல வந்துட்டு இருக்கு. யாராவது வர லேட்டானா போன் பண்ணிக் கேட்டுட்டு, ஒரு அரை மணி நேரம் பொறுக்கலாம்னு பார்க்கிறேன்” என்றார்.

என் காதில் விழுந்தது ஒன்றுதான். மைதிலிக்கு வரவேண்டிய இடம் ரயிலில் வந்துகொண்டிருக்கிறது.

எழுந்துவிட்டேன். ஸ்டீபன் சார் என் முந்தானையை இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தார்.

“ஐயா, மன்னிக்கணும். எட்டரைன்னு சொன்னா அது எட்டரையா இருக்கணுங்க. ஒருத்தருக்குப் போன் பண்றது, ஒருத்தருக்குப் பொறுக்கறதுன்னு ஆரம்பிச்சா அது நியாயமாங்க? நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? மூணு தடவ பேரக் கூப்பிடுங்க. வரலையா, அடுத்த பேரு. பெருமாள் திரை போடறப்போ யாருக்காச்சும் காத்திருக்காரா?”

அந்தக் கடைசி வரியை யார் கேட்டார்கள்! ஆனால் கூட்டத்தில் நாலைந்து பேர் கைதட்டிவிட்டார்கள். நடுவர் சிரித்தார். “அம்மா சொல்றது நியாயம்தான். போன் இல்ல, பொறுக்கிறதும் இல்ல. யாருக்கும் மறுப்பு இல்லையே?” என்று எழுதிக்கொண்டார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் சட்டசபையிலிருந்து வருகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஏகாதசி. விடிந்ததும் மைதிலியைக் கோயிலுக்குக் கிளப்பினேன்.

“அம்மா, நான் ஹால்ல இருக்கணும்மா.”

“பெருமாள்கிட்ட சொல்லாம போனா எப்படிடி? விசுவரூப தரிசனம் பார்த்துட்டு ஏழு மணிக்கு வெளிய வந்துடலாம். அப்பா பேக்கோட முன்னாடி போகட்டும்.”

அவர் பேட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குப் போனார். நாங்கள் செல்போன்களைக் கோயில் வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனோம்.

ஏகாதசி என்பது எனக்கு மட்டும் தெரியும் என்று எப்படி நினைத்தேனோ. ஸ்ரீரங்கமே உள்ளே நின்றது. பெருமாளைப் பார்த்து முடிக்கவே ஏழேகால். அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் தாயாரைப் பார்க்காமல் போனால்? அவரிடம் சிபாரிசு செய்வதே அவள்தானே. தாயாரைப் பார்த்த பிறகு சக்கரத்தாழ்வாரை விட்டால் அவர் என்ன நினைப்பார்? மைதிலி என் பின்னால் ஓட்டமும் நடையுமாக, “அம்மா, மணி என்ன? அம்மா, மணி என்ன?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். “சாமி சன்னதியில மணி கேக்காதடி” என்று அதட்டினேன்.

போனைத் திரும்ப வாங்கும்போது எட்டு முப்பத்தைந்து. என் வீட்டுக்காரர் பதினாலு முறை கூப்பிட்டிருந்தார்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவர் போனில் சொன்னது இதுதான். நாக்பூர்ப் பெண்ணின் ரயில் முன்கூட்டியே வந்துவிட்டது. அவள்தான் முதல் கையெழுத்து. ஆனால் மெயின் டிராவில் இருந்த ஒரு பெண், அக்காவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று எட்டேகாலுக்கு விலகிவிட்டாள். இடம் காலி. (நல்ல காரியத்துக்காகத்தான். நான் கேட்டது கேட்டபடி. பெருமாள் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார்.) எட்டரைக்கு மைதிலி பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் பையோடு எழுந்து கையைத் தூக்கினாராம்.

“நான் அவ அப்பாங்க. கையெழுத்து நான் போடறேன்.”

“நீங்க விளையாடுவீங்களா?”

“பழகிக்கிறேங்க.”

அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அரங்கத்துக்குள் நான் போன வேகத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் துளசிப் பிரசாதம், வாயில் சண்டை. “முதல் பேரு என் பொண்ணு பேருங்க! ஒரு போன் பண்ணக் கூடாதா? ஒரு அரை மணி நேரம் பொறுக்கக் கூடாதா? யாருங்க இந்த அநியாயச் சட்டத்தைப் போட்டது?”

நடுவர் கேலியே இல்லாமல், மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

“நீங்கதாம்மா.”

பக்கத்தில் ஸ்டீபன் சாருக்கு இருமல் வந்தது. வெகுநேரம் நிற்கவில்லை.

மைதிலி அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். பதினோரு நாள் விளக்கேற்றி வாங்கிய இடத்தை நானே வேறொருத்திக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். அந்த வேறொருத்தி பாலக்கரைப் பெண், பெயர் ஃபாத்திமா. ஏழு மணிக்கே அவள் அத்தாவோடு வந்து அந்த மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அவள் ஆட்டம் தொடங்கியது. முதல் செட்டிலேயே அவள் பேட்டின் நரம்பு அறுந்தது. இன்னொரு பேட்டை எடுத்தாள், அதுவும் கொஞ்ச நேரத்தில் போயிற்று. அவள் அத்தா பையைக் கவிழ்த்துத் தேடினார். வேறு இல்லை. படிக்கட்டிலிருந்து மைதிலி இறங்கினாள். என் வீட்டுக்காரர் மடியிலிருந்த பையைத் திறந்து, தன் புதுப் பேட்டை எடுத்து நீட்டினாள்.

“நரம்பை இழுத்துக் கட்டியிருக்கேன். நெட் பக்கத்துல மெதுவா தொடு” என்றாள்.

பிறகு அங்கேயே, ஃபாத்திமாவின் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்துவிட்டாள். நான் பிரசாதத்தை வைத்துக்கொண்டு யாருக்காக வேண்டுவது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் பேட் நம்முடையதுதானே என்று அந்தப் பக்கமே வேண்டிக்கொண்டேன். ஃபாத்திமா அந்த ஆட்டத்தை ஜெயித்தாள். அடுத்ததில் தோற்றாள். துளசியை அவள் அத்தாவிடம் நீட்டத் தயங்கினேன். அவரோ என்னிடம் ஒரு டப்பாவைத் திறந்து பேரீச்சம்பழத்தை நீட்டினார். ஏகாதசி உபவாசம், பழம்தான் சாப்பிடலாம். அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

இரண்டு நாள் மைதிலி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபாத்திமா பேட்டைத் திருப்பிக்கொடுக்க வந்தாள். இரண்டு பேரும் மாடியில் போய் என்னைப் பற்றிப் பேசிச் சிரித்த சத்தம் கீழே கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

இப்போது இரண்டு பேரும் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. ஊர் ஊராகப் போகிறார்கள். போட்டி அன்று மைதிலி போன் பண்ணி, “அம்மா, நீ கோயிலுக்குப் போ, நான் ஹாலுக்குப் போறேன்” என்பாள். அப்படியே பிரித்துக்கொண்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபாத்திமா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். வடை வாசனை வந்ததும் முதல் ஆளாகத் தட்டோடு உட்கார்ந்து, “அம்மா, நான் வந்துட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?” என்பாள். மாடியிலிருக்கும் மைதிலியை என் வீட்டுக்காரர் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவளுக்குக் கேட்காத குரலில். பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள்.

நான் என்ன செய்ய? முதல் வடையை ஃபாத்திமா தட்டில் வைத்துவிடுகிறேன்.