சனிக்கிழமை கேட்டைத் தாண்டாத இரும்பு

சின்னமனூர்,
திங்கள் காலை.

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய மச்சான் முத்துராஜா அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய ஈஸ்வரபாண்டி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், ஜோதிலட்சுமி, இரண்டு எருமை, பம்புசெட் எல்லாரும் சுகம். ஓசூரில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க, குச்சனூர் சனீஸ்வரன் தள்ளி நின்றே அருள் புரியட்டும். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போன தடவை நான் இரும்பு என்று வாயெடுத்ததுமே தங்களுக்கு டவர் போய்விட்டது. அதனால் தபால். கூடவே ஒரு விண்ணப்பப் பாரம் வைத்திருக்கிறேன், அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

விஷயம் என்னவென்றால், வெளிநாட்டு இரும்பு மலிவாக வந்து இறங்கி நம் நாட்டு இரும்பைத் தலையெடுக்க விடாமல் செய்கிறதாம். அதனால் உள்நாட்டிலேயே இரும்பு உருக்குகிறவர்களுக்கு மானியம் தருகிறோம் என்று தேனியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். பந்திக்கே மைக்கைக் கொண்டுவந்து ஒருவர், "நாட்டுக்காக இரும்பு உருக்க யார் தயார்?" என்றார். நான் ரசம் கேட்கக் கையைத் தூக்கினேன். கைதட்டிவிட்டார்கள் மச்சான். போட்டோ எடுத்து, மறுநாள் பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். இருபத்தைந்து வருசமாக ஜன்னலுக்கும் கேட்டுக்கும் வெல்டிங் வைத்தவனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது டீக்கடைக்காரன், "வாங்க ஸ்டீல் முதலாளி, ஒக்காருங்க" என்கிறான். அதற்கப்புறம் எப்படிப் பின்வாங்குவது? தங்கள் தங்கையின் திராட்சைத் தோட்டத்து ஓரத்தில், ரோட்டை ஒட்டி, ஒரு மூலையை மட்டும் ஒதுக்கித் தகரக் கொட்டகை போட்டேன். மூலைதான், சத்தியமாக மூலைதான்.

பிறகு தொடங்கியது அலைச்சல். உலை வாங்கினால்தான் அனுமதி, அனுமதி இருந்தால்தான் உலை வாங்கலாம் என்றார்கள். சரி, வாடகைக்கு ஒரு பழைய உலையைக் கொண்டுவந்து வைத்தால், உருக்குகிற பழைய இரும்பும் உள்நாட்டு இரும்புதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மேகமலை எஸ்டேட்டில் ஓரமாகக் கிடந்த தேயிலை மெஷின் ஒன்றைப் பேசி, ஜீப்பில் கட்டி இறக்கி வந்தேன். அந்த ரோட்டில் என் முதுகெலும்பில் பாதி இறங்கிவிட்டது. மானியத்துக்குச் சோதனை பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் இம்மானுவேல் சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுல ஸ்காட்லாந்துன்னு வார்த்திருக்குங்க. இது வெளிநாடு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "சார், வெள்ளைக்காரன் காலத்துல இருந்து நம்ம மழையிலதான நனையுது, துரு பூராம் நம்ம ஊரு துருதான!" என்றேன். அவர் பாவம், பாரத்தை மேலும் கீழும் தேடிவிட்டு, "துருவுக்குக் கட்டம் இல்லைங்க" என்றார். மெஷினை மறுபடி மலை ஏற்றினேன்.

கடைசியில் கம்பத்தில் பழைய ஜீப் உடைக்கிற இடத்தில் ஒரு லோடு கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கி, கொட்டகை கேட்டுக்கு முன்னால் ரோட்டோரம் கொட்டி வைத்தேன். ஏனென்றால் சட்டம் அப்படி. இரும்பு கேட்டுக்கு வெளியே கிடக்கிற மாதிரி ஒரு போட்டோ, உள்ளே கிடக்கிற மாதிரி ஒரு போட்டோ, இரண்டையும் சார்தான் எடுக்க வேண்டும். அவர் வந்து சேர்ந்ததோ சனிக்கிழமை! வெளி போட்டோ எடுத்தாயிற்று. "ம், உள்ள தூக்குங்கப்பா" என்கிறேன், உலைக்கு நிற்கிற ராக்கையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணே, குச்சனூருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு சனிக்கிழம இரும்ப வாசலுக்குள்ள ஏத்தச் சொல்றீகளே, ஒங்களுக்கு ஏழரை வேணும்னா நீங்களே தூக்குங்க" என்றுவிட்டான். மற்ற மூன்று கூலியாட்களும் அவன் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். நான் தூக்கலாம் என்று குனிந்தேன். எனக்கும் கை வரவில்லை மச்சான். சாரோ, திங்கட்கிழமையோடு தேதி முடிகிறது, தான் மறுபடி வரமுடியாது என்கிறார்.

அப்போது ராக்கையாவே சொன்னான்: "இரும்பு உள்ள வந்தாத்தான குத்தம்? வாசல் வெளிய போனா?" அடடா, என்ன மூளை! கேட் நட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது, சிமெண்டும் எம்.சாண்ட் மணல் அதிகம் போட்டதால் இறுகாமல் நன்றாக இளகியிருந்தது. நாலு பேரும் கேட்டைத் தூணோடு பிடுங்கி, இரும்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நட்டார்கள். இரும்பு ஒரு அங்குலம் அசையவில்லை, ஆனால் உள்ளே இருந்தது. சனீஸ்வரனுக்கும் குறையில்லை, சர்க்காருக்கும் குறையில்லை. நான் சாரைப் பார்த்தேன். "எனக்கு உங்க சாஸ்திரம் தெரியாதுங்க. கேட்டுக்கு உள்ள இருக்கா, இருக்கு" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். ராக்கையா குலவை போடாத குறை. தேனி பஸ்காரன்தான் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு அரை ரோடு குறைந்துவிட்டது.

அந்தப் பாழாய்ப்போன போட்டோ, எடுத்த இடத்தையும் சேர்த்தே கம்ப்யூட்டருக்கு அனுப்புமாம். இப்போது அரசாங்க வரைபடத்தில் என் ஸ்டீல் ஆலை நெடுஞ்சாலைக்கு மேலே இருக்கிறது. அழிக்க முடியாதா என்றால், ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாதாம். சார் ஒரு வழி சொன்னார். கம்ப்யூட்டர் புள்ளியை ஆலையின் நடுவில் வைக்குமாம். ஆகவே ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் மொத்தத்தையும் ஆலை என்று எழுதிக் கொடுத்தால், புள்ளி நகர்ந்து தோட்டத்துக்குள் வந்து விழுந்துவிடும். பந்தலைப் பிரித்துக் கொடியை வெட்ட வேண்டியிருக்கும், அது ஒரு சம்பிரதாயம். பட்டா தங்கள் பெயரிலும் ஜோதிலட்சுமி பெயரிலும் கூட்டாக இருப்பதால், தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவளிடம் தனியாகக் கேட்கவில்லை. சொன்னபோது சும்மாதான் இருந்தாள். சும்மா இருந்தால் சம்மதம்தானே? பாரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். தேதியைச் சார் சனிக்கிழமையாகவே போட்டுக்கொள்வார், நல்ல மனுசன். இந்தப் பள்ளத்தாக்கின் இரும்பு எதிர்காலம் தங்கள் பேனா முனையில் நிற்கிறது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். தாங்கள் நூறு வயதுக்கு, இரும்பு மாதிரி வேண்டாம், துருப்பிடிக்கும், கல்லுத்தூண் மாதிரி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை,
ஈஸ்வரபாண்டி.

பின்குறிப்பு: அண்ணே, ஜோதி எழுதுறேன். கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லிட்டு இவுக குளிக்கப் போயிருக்காக. படிச்சுட்டுத்தான் ஒட்டுறேன். தை மாசம் நீ வந்து உன் பங்க எனக்கே விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தியே, அப்பவே பட்டா என் ஒருத்தி பேருக்கு மாறிருச்சு. இவுககிட்ட ரெண்டு தடவ சொன்னேன், ரெண்டு தடவயும் போன்ல இரும்பு வெலை பேசிக்கிட்டு ம்ம் கொட்டுனாக. வேண்டிய கையெழுத்து என்னோடது. அத என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. இருந்தாலும் நீ மறுக்காம கையெழுத்துப் போட்டு அனுப்பிரு. அது செல்லாதுன்னு ஆபீஸ்ல கண்டுபிடிக்க நாலு மாசம் ஆகும், அதுவரைக்கும் இவுக தேனிக்கும் வீட்டுக்கும் சந்தோசமா அலைவாக. கொடியக் கழிச்சு விடுற கவாத்து நேத்துத்தான் முடிஞ்சுச்சு. அந்த நாலு மாசத்துக்குள்ள நான் திராட்சை அறுப்ப முடிச்சிருவேன்.