தோளில் போன இத்தாலி கார்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவனிடம் யாரும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 'தெரியாது' என்ற சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வராது. காய்ச்சல் மாத்திரை, கோர்ட்டு நோட்டீசு, ரயில் நேரம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பான். எங்கள் வீட்டில் அந்தப் பதவி எனக்கு. அதனால்தான் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் பிடிக்கும் வேலையை அப்பா என்னிடம் ஒப்படைத்தார். சமையல் ஏற்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டார் (நல்லவேளை, வந்தவர்களுக்குச் சாப்பாடாவது கிடைத்தது).

எழுபதுகளின் தொடக்கம். நான் சென்னையில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தேன். மூர் மார்க்கெட்டில் ஒருநாள் அட்டை கிழிந்த இத்தாலியப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. ஓர் எழுத்தும் புரியவில்லை. படங்கள் புரிந்தன. கார் என்றால் சக்கரம் வைத்த பீரோ என்று நினைத்திருந்தவனுக்கு, பாயப் போகிற சிறுத்தை மாதிரிப் பின்சக்கரத்தின் மேல் தோள் திரண்டு நின்ற அந்தச் சிவப்பு வண்டிகளைப் பார்த்ததும் பித்துப் பிடித்துவிட்டது. கல்லூரி நூலகத்தில் தேடிப் பிடித்துப் படித்தேன். மரத்தில் அச்சு செய்து, அதன் மேல் அலுமினியத் தகட்டைக் கையாலேயே தட்டித் தட்டி வளைக்கிறார்களாம்.

காஞ்சிபுரத்துக்கு, எங்கள் ஊருக்கு வந்தபோது, தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நம்ம கோயில் வாகனத்துக்கு மரத்து மேல தகடு அடிக்கிறாங்களே, அதே மாதிரிப்பா."

அப்பா நெய்வதை நிறுத்தாமல் கேட்டார். "அப்ப அதுல சாமி எங்க உக்காரும்?"

"அது ரேஸ் காருப்பா. சாமியெல்லாம் கிடையாது."

"அப்பறம் எதுக்குடா அவ்ளோ அழகு?"

நான் பத்திரிகைப் படத்தை விரித்துக் காட்டினேன். அப்பா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் ஆரணிக்காரர்கள். 'கப்பல் மாதிரி பெரிய காரா இருக்கட்டும்' என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள். கப்பல் போன்ற கார்கள் ஊரிலேயே இரண்டு இருந்தன. நான் அவற்றை விட்டுவிட்டுப் பக்கத்துத் திருப்புட்குழிக்குப் போனேன். அங்கே மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் ஒரு காலத்தில் சோழவரம் கார்ப் பந்தயங்களில் ஓட்டியவர். இடுப்பில் அடிபட்ட பிறகு, தமது இத்தாலிய இரண்டு சீட் திறந்த காரைத் தோப்புக் கொட்டகையில் படுதா போட்டு வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் 'எத்தனை மைல் குடுக்கும்?' என்று கேட்பார்களாம். பின்சக்கரத்து வளைவை ஒட்டுப் போடாமல் ஒரே தகட்டில் எப்படி எடுத்தார்கள் என்று கேட்ட முதல் ஆள் நான்தான். அந்த ஒரு கேள்விக்காகவே கல்யாணத்துக்குத் தாமே ஓட்டிவருவதாகச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வாசலில் கார் வந்து நின்றபோது, புதுக் கண்டத்தைக் கண்டுபிடித்துக் கொடி நட்டவன் போல நான் நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது சம்பந்தியம்மாள், காரைச் சுற்றி வந்தார்.

"இன்னா தம்பி, மேல் பாதி பின்னால வருதா?"

"இல்லீங்கம்மா. இது அப்படித்தான். இத்தாலி டிசைன்."

"தரையில குந்தினாப்புல இருக்குது. எம்புள்ள தலையாவது தெரியுமா?"

மாப்பிள்ளை சாதுவான மனிதர். கோட்டு சூட்டோடு மடங்கி, மடங்கி, எப்படியோ உள்ளே இறங்கி உட்கார்ந்தார். மாலைக்கு மேல் அவருடைய மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

அடுத்து பூ அலங்காரம். பூக்காரர் வண்டி முழுவதும் சரம் சுற்ற ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்த வளைவை மூடாதீங்க. அதுதான் இந்தக் காருக்கே அழகு."

"அப்ப இவ்ளோ பூவையும் எங்க சாத்தறது?"

"முன்னால வாய் மாதிரி திறந்திருக்குது பாருங்க, அங்க வைங்க."

அவர் சாமிக்கு அலங்காரம் செய்து பழகியவர். ஒரு பொட்டு இடைவெளி விடாமல் சாமந்தியால் அந்த வாயை அடைத்தார். (அந்த வழியாகத்தான் இன்ஜினுக்குக் காற்று போக வேண்டும் என்பது இன்ஜினீயரிங் மாணவனுக்குத் தெரியும். ரசிகனுக்கு மறந்துவிட்டது.)

ஊர்வலம் புறப்பட்டது. தலையில் கேஸ் லைட் சுமந்தவர்கள் இருபக்கமும் நடந்தார்கள். நாதஸ்வரக்காரர் ஒரு முக்கில் நின்று ராகத்தைத் தொடங்கினால் அது முடிகிற வரை யாரும் நகரக்கூடாது. காற்றைக் கிழித்துப் பறக்கப் பிறந்த வண்டி, எறும்புக்கு வழிவிட்டு ஊர்ந்தது. பாதித் தெரு தாண்டியதும் சாமந்திக்குள்ளிருந்து புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்து இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு 'புஸ்' என்று கொதிநீர் பீறிட்டது. இன்ஜின் நின்றது. பூவெல்லாம் வெந்த வாசனை.

"ஆறணும். ஒரு மணி நேரமாவது ஆகும்" என்றார் மாந்தோப்புக்காரர்.

"வேற கார் கொண்டாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

சம்பந்தியம்மாள் குரல் உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சாமி கும்புட்டு ஏறின மாப்பிள்ள, பொண்ணு வூட்டு வாசல்லதான் எறங்கணும். நடுத்தெருவுல எறக்கி விட்டுட்டு இன்னொண்ணுல ஏத்துவீங்களா?"

"அப்ப அப்படியே தள்ளிக்கினு போயிடலாம்மா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"தள்ளிக்கினு போறதுக்கு எம்புள்ள இன்னா ஐஸ் வண்டியா?" பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "ஆரணிக்குக் கடைசி பஸ் எப்பப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. தெருவின் அந்தக் கோடியில், எங்கள் வீட்டு மாடியில் அக்கா நின்றிருந்தாள். கூட்டம் ஏன் நகரவில்லை என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்யாணம் நிற்கப்போகிறது, அதுவும் ஒரு வளைவை நான் ரசித்ததால்.

அப்போதுதான் 'சாமி எங்க உக்காரும்?' என்ற அப்பாவின் பழைய கேள்வி ஞாபகம் வந்தது.

எங்கள் தெருவில் பல பேர் திருவிழாவில் பெருமாள் வாகனத்துக்குத் தோள் கொடுக்கிறவர்கள். அவர்களில் கோபால் அண்ணன் எனக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"அண்ணா, இது மெல்லிசு தகடு. பெரிய கார் மாதிரி கனம் கிடையாது. கருட வாகனம் தூக்கற ஆளுங்களுக்கு இது ஒரு பளுவே இல்ல."

அவர் காரை ஒரு முறை பார்த்தார். "தூக்கற தண்ட எங்கடா கட்டறது? ஒடம்புல கட்டினா நசுங்கிடுமே."

"அடியில ரெண்டு பக்கமும் நீளமா இரும்புக் குழா ஓடுது. அதுல கட்டுங்க. எனக்குத் தெரியும்." இந்த ஒரு தடவை உண்மையிலேயே தெரிந்திருந்தது.

பந்தல்காரரிடமிருந்து கனத்த சவுக்குக் கழிகள் வந்தன. கயிறு வந்தது. நான் கோட்டுப் படம் போட்டு மனப்பாடம் செய்திருந்த அந்தச் சட்டத்தின் அடியில் படுத்து, முடிச்சு விழ வேண்டிய இடங்களைக் காட்டினேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி நின்ற மாந்தோப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கிய உடனே வண்டி மாப்பிள்ளை இருந்த பக்கம் சாய்ந்தது.

"அந்தப் பக்கம் ஆள் வேணும்பா" என்றார் கோபால் அண்ணன். "டேய், நீயே ஏறு. ஒனக்குத்தான ஆசை."

ஏறினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கனவு கண்ட காரின் ஓட்டுநர் இருக்கையில் வாழ்நாளில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான். நான்கு சக்கரமும் அந்தரத்தில் இருந்தன.

கார் தோளில் ஏறியதும் பழக்கம் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை நாதஸ்வரம் தானாகவே தொடங்கியது. யாரோ குடை விரித்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் கற்பூரத் தட்டோடு ஓடிவந்து, கிட்டே வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்தார். தூக்கியவர்கள் முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி என்று வாகனத்துக்கு ஆடுகிற ஆட்டம் ஆடினார்கள். கேஸ் லைட் வெளிச்சம் கீழிருந்து பட்டு, ஒரு சரம்கூட மறைக்காத அந்தச் சிவப்பு வளைவு தெரு முழுவதற்கும் தெரிந்தது. மாப்பிள்ளையின் தலையும் தெரிந்தது. தெரு சற்றே வளைகிற இடத்தில் நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன் (ஏன் என்று கேட்காதீர்கள்).

அப்பா பக்கத்திலேயே நடந்து வந்தார். வீடு நெருங்கும்போது அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"இப்ப தெரியுதுடா, எங்க உக்காரும்னு."

அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து எனக்குப் பிறகும் வந்ததில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட.

சம்பந்தியம்மாள் பஸ்ஸை மறந்துவிட்டார். ஆரணி போனதும் அவர் சொல்லத் தொடங்கிய கதையில் கார் ரிப்பேரானதே வராது. "காருல யாரு வேணா வருவான். எம்புள்ளைக்கு காஞ்சிபுரத்துல காரே தோள்ல வந்துச்சு" என்பார்.

பல வருஷம் கழித்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு பழைய காரை வாங்கி அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹாரன் சத்தம் கேட்டு, அன்று தோளில் வந்த மாப்பிள்ளையான மாமா வெளியே வந்தார். கதவைத் திறந்து பார்க்கவில்லை. இன்ஜினைப் பற்றிக் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, இதுல கழிய எங்க கட்டறது?"