பின்சுவர் வழியாக வெளியே வந்த பான்டியாக்

ஹேசல் பார்க், மிச்சிகன்
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய லுசில் அத்தைக்கு,

உங்கள் தம்பி நார்பர்ட்டின் ஒரே மகள் கோரின் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இங்கு அப்பா, அம்மா, நான், வண்டி நால்வரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் பூனையும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். மேற்கொண்டு படிக்கும் முன் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

ஈஸ்டர் விருந்தில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி அவ்வளவு பெரிய இன்ஜின்? சர்ச்சுக்குப் போகவா, சந்திரனுக்குப் போகவா?" அதோடு விட்டீர்களா? சாஸேஜை முள்கரண்டியில் குத்திக்கொண்டே அப்பாவுக்கு ஒரு நிபந்தனையும் போட்டீர்கள். ஆகஸ்டில் உட்வர்ட் சாலையில் பழைய கார்களெல்லாம் ஊர்வலம் வரும் சனிக்கிழமையன்று என் பழைய பான்டியாக் கார் சொந்த இன்ஜின் பலத்தில், யாரும் கைவைத்துத் தள்ளாமல், ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டும். வராவிட்டால் மறுநாளே உங்களுக்குத் தெரிந்த டொலீடோக்காரருக்கு விற்றுவிட வேண்டும். அப்பா எப்போது உங்கள் பேச்சைத் தட்டியிருக்கிறார்? தலையாட்டிவிட்டார்.

நான் அந்த வண்டியை வாங்கியபோது அதில் இன்ஜின் கிடையாது, முன்சீட்டில் ஒரு ரக்கூன் குடும்பம் வாலும் குட்டிகளுமாகக் குடியிருந்தது, காலை வைத்தால் தரை தெரிந்தது, அதாவது காரின் தரை அல்ல, பூமி. அப்பாவின் கூட்டாளிகள்தான் அதைத் தள்ளிக்கொண்டு போய், மூக்கு பின்சுவரைப் பார்க்கும்படி ஷெட்டுக்குள் நிறுத்தினார்கள், அன்றிலிருந்து அப்பாவின் கார் வெளியே பனியில் நின்றது, அவர் தினமும் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே என்னை முறைத்தார், நான் பேக்கரியில் டோனட் பொரித்த சம்பளத்தையெல்லாம் கொட்டி, டிங்கரிங் பார்த்து, ஒரு முரட்டு இன்ஜினைத் தேடிப் பிடித்து உள்ளே இறக்கி, பின்பக்கம் குண்டு டயர் மாட்டி, கியர் கம்பியைக்கூட விடாமல் மாற்றி, பளபளவென்று புதுசாக ஒன்று வைத்தேன். கடைசியில் ஆரஞ்சு பெயின்ட் அடித்து நடுவில் இரண்டு கறுப்புப் பட்டை போட்டேன். அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆரஞ்சும் கறுப்பும் ஹாலோவீன் கலராச்சே, அதுக்கு இன்னும் நாள் இருக்கேம்மா" என்றார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஊர்வலச் சனிக்கிழமை காலையில்தான் இன்ஜின் முதன்முதலாக உயிர் பெற்றது. அத்தை, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! தெருவில் நின்ற கார்களின் அலாரமெல்லாம் ஒன்றாக அலறின. அப்பாவின் கூட்டாளிகள் நான்கு பேரும் விசிலடித்தார்கள். நான் கிளட்ச்சை மிதித்து ரிவர்ஸ் போட்டேன்.

"என்னம்மா, எடு."

"ரிவர்ஸ் விழ மாட்டேங்குதுப்பா."

"அழுத்திப் போடு."

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன். என் கைதான் கழண்டு வரப்போவுது."

ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். முன்னால் போகிற கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்தன. ரிவர்ஸ் மட்டும் விழவே இல்லை.

அப்பாவின் கூட்டாளிகளில் ஒருவரான கேசிமிர் மாமா சட்டைக்கையை மடித்துவிட்டார். "நாங்க என்னத்துக்கு இருக்கோம்? ஒரு தள்ளு தள்ளுனா வெளிய வந்துடும். லுசிலுக்கு யாரு சொல்லப்போறா?"

"அக்கா போன் பண்ணிக் கேப்பாடா" என்றார் அப்பா. "அவகிட்ட எனக்குப் பொய் வராது. சின்ன வயசுலேருந்தே வராது."

எனக்கு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழத்தான் தோன்றியது. அழுதேன். சும்மா இல்லை, சத்தமாகவே அழுதேன். அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், அப்புறம் பின்சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சந்து.

"முன்னாடி போகும்ல?"

"போகும்."

"அப்ப மூக்கைத் தொடைச்சுக்கிட்டு உக்காரு."

கடப்பாரையை எடுத்தார். ஆமாம் அத்தை, உங்கள் அப்பா தம் கையால் பலகை வைத்து ஆணியடித்த அதே சுவர்தான். வண்டியைத் தொடக் கூடாது என்றுதானே சொன்னீர்கள், சுவரைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லையே. மூலைக் கம்பங்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஐந்து பேரும் பெயர்த்துப் போட்டார்கள். நான் முதல் கியரைப் போட்டேன். ஒருவர் விரல்கூடப் படாமல் என் பான்டியாக் கம்பீரமாகச் சந்தில் இறங்கியது.

உட்வர்ட் சாலை நெடுகிலும் ஜனங்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என் பக்கத்தில், முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு, மேயர் மாதிரி கையாட்டிக்கொண்டே வந்தார். ஒருவர் எழுந்து நின்று, "யாருய்யா கட்டினது இந்த வண்டிய?" என்று கத்தினார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை விட்டு, "எம் பொண்ணு! எம் பொண்ணு கட்டினது!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார். எனக்குச் சாலையே கண்ணில் தெரியவில்லை. நல்லவேளை, வண்டிகள் ஊர்ந்துதான் போய்க்கொண்டிருந்தன.

ஆகவே, டொலீடோக்காரருக்கு நீங்களே தகவல் சொல்லிவிடுங்கள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். பூனைக்கு என் முத்தம்.

உங்கள் ஆசியையும், முடிந்தால் மன்னிப்பையும் வேண்டும்,
கோரின்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அம்மா வாசலில் ஈரத்துணி காயப்போட வந்தாள். வழியில் நின்ற பான்டியாக்கில் ஏறி, கியர் குமிழுக்குக் கீழே இருக்கும் வளையத்தை இரண்டு விரலால் மேலே தூக்கி, ரிவர்ஸ் போட்டு, சாவகாசமாகப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினாள். அப்பாவுக்கும் எனக்கும் வாய் மூடவில்லை. "வளையத்தைத் தூக்கினாத்தான் விழும். கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஓட்டின வண்டியிலயும் இப்படித்தான்" என்றாள். "நேத்திக்கே சொல்லியிருக்கலாமேம்மா!" என்றேன். "சுவத்த இடிக்கிறதுக்கு முன்னாடி என்னை யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். அப்பா ஷெட்டுக்குள் போய், சுவர் இருந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, உங்களுக்கு இப்படி எழுதச் சொன்னார்: இனி வாசல் வழியாக உள்ளே போனால் சந்து வழியாக வெளியே போய்விடலாம். ரிவர்ஸ் கியர் கிடைத்துவிட்டது, அதற்குத்தான் வேலை இல்லை.