ஊதாத நேரத்தில் எழுதிய நாவல்

கையில் வயலின் வில்லும் காதில் பேனாவும் தரித்த என் அக்காள் மகளுக்கு, தாய்மாமன் சகல மரியாதைகளோடும் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்.

வயலினா கதையா, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை விட்டுவிடு என்று உங்கள் இசைக்குழுத் தலைவர் கெடு வைத்திருப்பதாகவும், "கதைதானே, விட்டுத் தொலை" என்று உன் அப்பா சொல்வதாகவும் எழுதியிருந்தாய். நாடக அரங்கில் நான் கிளாரினெட் வாசித்த காலத்தைக் கேள். கிளாரினெட்காரனுக்கு ஊதுகிற வேலையைவிடச் சும்மா இருக்கிற வேலைதான் அதிகம். தன் முறை வரும்வரை எண்பது தாளவட்டத்தை எண்ணிக்கொண்டே காத்திருக்க வேண்டும். நான் இடது கையால் தொடையில் தட்டி எண்ணுவேன், வலது கையால் இசைத்தாளின் பின்பக்கத்தில் நாவல் எழுதுவேன். இப்படியே பதினேழு நாவல். அத்தியாயம் ஒவ்வொன்றும் எண்பது தாளவட்டத்துக்குள் முடிந்துவிடுவதால், என் சொற்சிக்கனத்தைக் கண்டு விமர்சகர்கள் மயங்கி விழுந்தார்கள். இருவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் அரங்கு நிறைந்த கூட்டம், நாவலில் கதாநாயகி சாகிற கட்டம், எனக்கே அழுகை வந்து எண்ணிக்கை விட்டுப்போய், பக்கத்து டிரம்காரர் குச்சியால் விலாவில் குத்த, பதறி எழுந்து முழு மூச்சாக ஊதினேன். ஊதியது பேனாவை. முன்வரிசை முழுக்க நீலமாகிவிட்டது. மற்றவர்கள் அந்த மௌனத்தைக் கேட்டுத் தேம்பியதில் நாற்காலிகள் மிதந்தன. திரை விழுந்ததும், கோலசைத்து எங்கள் வாத்தியக் குழுவை நடத்தும் நடத்துநர் என் முன்னால் வந்து நின்றார்.

"இந்தாப்பா, ஒண்ணு ஊது, இல்ல எழுது. ஏதாவது ஒண்ண இன்னைக்கே விட்டுடு."

நான் சிங்கம்போல் நிமிர்ந்து, "ரெண்டுக்கும் எனக்கு ஒரே மூச்சுதான்யா. வேணும்னா நீங்க உங்க கோலை விட்டுடுங்க" என்றேன். மனிதர் கோலை என் காலடியில் வைத்துவிட்டு, மீதிக் கதையைக் கேட்க மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நீயும் அப்படியே சொல்லிவிடு, மருமகளே. அக்காளுக்கு என் அன்பு, அத்தானுக்கு என் அளவான மரியாதை. உன் வில்லும் பேனாவும் தீர்க்காயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உலகம் கண்டுகொள்ளாத உன் மாமன்.

பின்குறிப்பு: பதினேழு நாவல் பொய்; எழுதியது அரை நாவல். விமர்சகர்கள், நீலமானவர்கள், சிங்கம், எல்லாமே புளுகு. நடத்துநர் கேட்டது மட்டும் நிஜம். நான் "சரிங்க" என்றேன், அன்றைக்கே எழுதுவதை நிறுத்தினேன். ஒரு மாதம் கழித்து அவர் என் இசைத்தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இப்பல்லாம் பின்பக்கம் காலியா இருக்கு?" என்று கேட்டார். தான் சொன்னதே அவருக்கு நினைவில்லை.