நீலக்கால் நாயும் ஒரே வரிப் பதிலும்

ஆம்பூர்,
25.3.2001, ஞாயிறு.

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஃபீபி அத்தைக்கு,

ரெனிட்டா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கி அடித்துவிட்டேன். பொய்யோடு ஆரம்பிக்க மனம் வரவில்லை. காவேரிப்பாக்கத்தில் நீங்களும் மாமாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் கார்டு வியாழக்கிழமை வந்தது. "அண்ணனுக்கு நாய்க்கடி ஊசி போட்டாச்சா இல்லையா, ஒரே வரியில் எழுது, கதை வேண்டாம்" என்று கேட்டிருந்தீர்கள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர் கேட்பது நியாயம்தான். ஒரே வரியில் எழுதத்தான் மூன்று முறை உட்கார்ந்தேன். அந்த வரி "இல்லை" என்பதாக இருந்ததால், அதற்கு மேலும் கீழும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள்.

பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா கெண்டைக்காலில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார். "நாய் கடிச்சிருச்சி" என்றார். தெருநாய்களை எண்ணுகிற ஆய்வில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது "இதுக்கா எம்.ஏ. படிச்சே?" என்று நீங்கள் சிரித்தது நினைவிருக்கும். அன்றைக்கு அந்த வேலை உதவும் என்று நம்பினேன். சோப்பு போட்டுக் கால் மணி நேரம் காலைக் கழுவினேன். எந்த நாய் என்று கேட்டேன். "நாலு காலும் நீலம். ஆம்பள நாய்" என்றார். அப்பா வேலை செய்கிற தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் நீலமான குரோம் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் இறங்கித் தோலிலிருந்து சுரண்டிப் போட்ட சதையைத் தின்கிற நாய்கள் எல்லாவற்றுக்கும் நீலக்கால்தான். எங்கள் பட்டியலிலேயே பதினொன்று இருக்கின்றன. ஆம்பள நாய் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபத்தெட்டு வருஷமா தோலைத் தடவியே கிடாவா பெட்டையான்னு சொல்றேன். முள்ளு கிழிச்சதா, கம்பி கிழிச்சதா, பல்லு பட்டதான்னு கண்ண மூடிக்கினு சொல்வேன். இது பல்லு. அது ஆம்பள நாய். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

ஆய்வின் டாக்டர் மேகலா வந்து பார்த்துத் தெளிவாகத்தான் சொன்னார்: "ஊசி இன்னைக்கே ஆரம்பிக்கணும். நாயையும் பத்து நாள் பார்த்துக்கணும். பத்தாம் நாள் நாய் நல்லா இருந்தா மீதி ஊசிய நிறுத்திக்கலாம்." அப்பா காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது. "நாய் நல்லா இருந்தா ஊசி வேணாம்னு டாக்டரே சொல்ட்டாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். இப்போதெல்லாம் கையில் ஐந்து ஊசிதான் என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "ஃபீபி அப்படித்தான் சொல்வா. உள்ள கூட்டிக்கினு போயி தொப்புளச் சுத்தி பதினாலு போட்ருவாங்க" என்றார். அம்மா அழுதுகூடப் பார்த்தாள்.

ஆகவே நாயைக் கண்டுபிடிப்பதுதான் வழி என்று ஆயிற்று. அடுத்த நாள் அப்பாவே என்னைக் கூட்டிக்கொண்டு போய், டீக்கடைப் பக்கம் படுத்திருந்த குண்டான நீலக்கால் நாயைக் காட்டி, "இதான்" என்றார். எழுந்து குரைக்கக்கூடச் சோம்பல்படுகிற நாய் அது. ஆய்வுப் படிவத்தில் ஆணா பெண்ணா என்று பார்த்து எழுத ஒரு கட்டம் உண்டு. இதையும் உங்களிடம் மறைக்க வேண்டாம்: அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எப்படிக் குனிந்து பார்ப்பது? அவர் சொன்னபடியே "ஆண்" என்று எழுதிவிட்டேன். பிறகு கயிறு கட்டி இழுத்து வந்து கொல்லையில் முருங்கை மரத்தில் கட்டினோம். எனக்கு வேலையில் சேரும்போதே தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்பதால் தட்டு வைப்பது நான், சமைப்பது அம்மா, ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அப்பா.

பெருமூச்சுக்குக் காரணம் உண்டு. இது லெந்து நோன்புக் காலம். நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது என்று கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னவர் அப்பாதான். ஆனால் நாய் சாகக்கூடாதே, அதனால் அதற்கு மட்டும் தினமும் எலும்புக் குழம்பு. "சாப்பிடு தம்பி, இன்னும் கொஞ்சம் தின்னு தம்பி" என்று அம்மா ஜன்னலிலிருந்து அதைக் கெஞ்சுவாள். அப்பா கஞ்சியைக் குடித்துக்கொண்டே, "எனக்கு ஒரு நாளாவது இப்படிக் கெஞ்சியிருப்பியா சாரா?" என்பார். தம்பி நாளுக்கு நாள் பெருத்தான். நான் தினமும் படிவத்தில் சாப்பிட்டது, குரைத்தது, நடந்தது என்று குறித்துவந்தேன்.

வெள்ளிக்கிழமை, ஏழாம் நாள், தட்டு அப்படியே இருந்தது. நேற்று அது மண்ணைப் பறித்துக்கொண்டே இருந்தது. மூச்சு வாங்குகிறது, வாயில் நீர் ஒழுகுகிறது, ஆள் போனால் உறுமுகிறது. இன்று காலை கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு விறகு அடுக்கின் பின்னால் இருட்டில் போய் ஒடுங்கிவிட்டது. அத்தை, எங்கள் படிவத்தின் பின்பக்கத்தில் நோய்க்குறிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. உண்ணாமை, அமைதியின்மை, எச்சில் ஒழுகல், இருட்டில் ஒளிதல். நான்குக்கும் டிக் போட்டேன். இந்த ஆறு மாதத்தில் அலுவலகத்து அலமாரியிலுள்ள புத்தகங்களையெல்லாம் படித்துவிட்டேன். மற்ற விஷயங்களில் ஒன்றோடு ஒன்று சண்டை போடுகிற அந்தப் புத்தகங்கள், குறிகள் தென்பட்டபின் மருந்தில்லை என்பதை மட்டும் ஒரே குரலில் சொல்கின்றன.

இன்னொன்றும் சொல்கிறேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்தே என் நோட்டுக்குள் இன்னொரு படிவம் வைத்திருக்கிறேன். பெயர்: ஆபேல். வயது: 56. சாப்பிட்டார். நடந்தார். கோபம்: வழக்கம் போல. தண்ணீர் குடித்தார்: ஆம். அவர் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம், வெறிநோய் வந்தவர்கள் போலத் தண்ணீரைக் கண்டு மிரள்கிறாரா என்று தொண்டையைப் பார்க்கிறேன். அவருக்கும் தெரிந்துவிட்டதோ என்னவோ, நாய் சாப்பிடாத நாளிலிருந்து என் எதிரில் வந்து நின்றுகொண்டு டம்ளர் டம்ளராகக் குடித்துக் காட்டுகிறார். "பார்த்துக்கோ பாப்பா, பயமே இல்ல" என்கிறார். பயம் தண்ணீர் மேல் இல்லை, ஊசி மேல்தான். விறகு அடுக்கைக் காட்டி, இப்போதாவது வாருங்கள் என்று இன்று நானும் அம்மாவும் கையைப் பிடித்து இழுத்தோம். "நாளைக்குத்தான் பத்தாம் நாள். கணக்குன்னா கணக்கு" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

உங்களைப் பார்த்தால் மட்டும்தான் அவருக்குப் பயம். இந்தக் கடிதம் கிடைத்ததும் பஸ் ஏறிவிடுங்கள். மாமாவுக்கு எங்கள் அன்பு. ஆறு மணி ஜெபத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள். நாயின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் கர்த்தர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
ரெனிட்டா.

பி.கு. (திங்கள்): ஞாயிறென்று தபால் எடுக்காததால் கடிதம் கையிலேயே இருந்தது, நல்லதாயிற்று. பஸ் ஏற வேண்டாம். காலையில் விறகுப் பக்கம் எட்டிப் பார்த்த அம்மா, "ஐயோ, நம்ம தம்பி புள்ள பெத்துட்டான்!" என்று கத்தினாள். ஐந்து குட்டிகள். தாய்க்கு ஒரு நோயும் இல்லை. அப்பா கைதட்டிச் சிரித்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். "ஆண்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. "கடிச்சது ஆம்பள நாய்னு சொன்னீங்களேப்பா? அப்போ பத்து நாளா நாம யாரைப் பார்த்துக்கிட்டிருந்தோம்?" என்றேன். சிரிப்பு நின்றது. குட்டிகளைப் பார்த்துக்கொண்டே, "எந்த நாயும் கடிக்கல பாப்பா. பின்பக்க முள்கம்பி வேலியத் தாண்டி சத்தார் கடைக்கு பிரியாணி சாப்பிடப் போனேன். கம்பி கிழிச்சிருச்சி" என்றார். அம்மா நம்பவில்லை. "லெந்துல பிரியாணியா? ஊசிக்கு பயந்துக்கினு இன்னா பொய் சொல்றாரு பாரு!" என்றாள். சத்தார் பாயிடம் ஓடினேன். "வந்தாரும்மா. கால்ல ரத்தம். இன்னா சார்னு கேட்டா, மொதல்ல நல்லி எலும்பு வைன்னார். நாயா கம்பியா, நான் இன்னா கண்டேன்?" வேலியையும் பார்த்தேன்; பாதித் தெருவின் கிழிந்த துணி அதில் தொங்குகிறது, அப்பாவுடையது எது என்று தெரியவில்லை. டாக்டர் மேகலா, "சந்தேகம்னா நாய் ஊசி. துருப்பிடிச்ச கம்பின்னா டி.டி. ஊசி. எதுன்னு தெரியலன்னா ரெண்டும்" என்றார். பிரியாணி வெளியானபின் மறுபடி கட்டில் காலைப் பிடிக்க அப்பாவுக்கு முகமில்லை. நீங்கள் கேட்ட ஒரே வரி இதோ: போட்டாச்சு, இரண்டு கையிலும். நாயின் படிவத்தை இன்று முடித்து அனுப்பிவிட்டேன். அப்பாவுடையதை இன்னும் கிழிக்கவில்லை. ஊசிக்குப் பிறகு: தண்ணீர் குடித்தார், இரண்டு டம்ளர்.